மெரினாவில் கட்டியிருக்கும் படகில் ஒரு வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதியில் எங்கள் படகில் வந்து தங்குகிறவர்களில் பெரும்பாலோர் படகோட்டத் தெரிந்தவர்கள் அல்லர். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பையுடன் வந்து, ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பிப் போகிறவர்கள். முதலில் வந்தவர்கள் கேட்டதையே அடுத்து வந்தவர்களும் கேட்டார்கள். ஒரே விடையைப் பத்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். கடலில் பயணம் போவதைப் பற்றி இதில் எதுவும் இல்லை. கட்டிய இடத்தை விட்டு நகராத படகில் இரண்டு இரவு தங்குவதைப் பற்றி மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

மெரினா என்றால் கடற்கரை இல்லையா? படகு அங்கே எப்படி நிற்கும்?

தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மணற்பரப்பு நினைவுக்கு வருவதால் இந்தக் குழப்பம் எழுகிறது. இங்கே மெரினா என்பது பொழுதுபோக்குப் படகுகளுக்கென்றே அமைத்த சிறு துறைமுகம். கடலோரத்தில் மட்டுமன்றி ஏரியிலும் ஆற்றிலும் உண்டு. வெளியிலிருந்து வரும் அலையைத் தடுக்க ஒரு சுவரோ கற்குவியலோ இருக்கும்; அதற்குள்ளே மிதக்கும் நடைமேடைகள் கிளை கிளையாகப் பிரிந்து செல்லும். இவற்றைப் பாண்டூன் என்பார்கள். நீரடித் தரையில் அறைந்த தூண்களை வளையங்கள் பற்றியிருப்பதால், பாண்டூன் பக்கவாட்டில் நகராமல் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும்.

ஒவ்வொரு படகுக்கும் ஒதுக்கப்பட்ட இடத்தைப் பெர்த் என்கிறோம். பெரும்பாலான பெர்த்துகளின் அருகே இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி நிற்கும். மின் இணைப்பும் குடிநீர்க் குழாயும் அதில் இருக்கும்.

படகு எங்குமே போகாமல் கட்டியே கிடந்தால் அதில் என்ன சுகம்?

எனக்கு அதுதான் பெரிய சுகம். கடலில் போகும் நாளில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) எப்போது மாறுகிறது, இருட்டுவதற்குள் எங்கே போய்ச் சேர்வது என்று ஏதாவது ஒரு கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டியிருக்கும் படகில் அந்தக் கணக்குகள் இல்லை. காலையில் நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அறையின் கூரையில் நெளிவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். பிற்பகலில் தளத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் தங்கள் படகுகளை இடுக்கான பெர்த்துக்குள் கொண்டுவரப் படும் பாட்டை, நாமும் அதே பாட்டைப் பட்டவர்கள் என்ற நினைப்போடு, வேடிக்கை பார்க்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கட்டியிருந்தாலும் படகு மிதந்துகொண்டுதான் இருக்கிறது; கரையில் இருக்கும் வீட்டைப் போல அதைக் கவனிக்காமல் விட்டுவிட முடியாது. காலையில் ஒரு முறையும் படுக்கப்போகும் முன் ஒரு முறையும் பத்து நிமிடம் செலவழித்துக் கயிறு, மின்கம்பி, அடிக்குழியில் தேங்கும் நீர், எரிவாயு வால்வு ஆகிய நான்கையும் பார்த்துவிட்டால் மிச்ச நேரம் முழுவதும் உங்களுடையது. பின்வரும் விடைகள் பலவற்றில் இந்தப் பத்து நிமிடச் சுற்று மறுபடியும் வரும்.

எனக்கு நீந்தத் தெரியாது, படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். வந்தவுடன், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, படகுக்காரரிடம் ஐந்து இடங்களைக் காட்டச் சொல்லுங்கள்: உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, தீயணைப்பான் எங்கே இருக்கிறது, படுக்கும் அறையிலிருந்து வெளியேற இன்னொரு வழி எது, எரிவாயுவை எங்கே மூடுவது, நீரில் விழுந்தவர் ஏறிவர ஏணி எங்கே உள்ளது. சரியான படகுக்காரர் நீங்கள் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவார்.

நீந்தத் தெரியாதவர்கள் பாண்டூனில் நடக்கும்போதும் அங்கி அணிந்திருப்பது நல்லது, குறிப்பாக இருட்டிலும் ஈரத்திலும். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் ஒரு சொல்: நீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால், விழுந்த கணத்தில் உடல் தானாகவே மூச்சை வாரி இழுக்கும். அந்தக் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் கைகால் அடித்துப் போராடாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கிய பிறகு ஏணியைத் தேட வேண்டும்.

என்னென்ன எடுத்துவர வேண்டும்?

மடித்து ஒடுக்கக்கூடிய துணிப்பை. கெட்டிப் பெட்டியை வைக்கப் படகில் இடம் கிடையாது. அது இரண்டு நாளும் எல்லோருடைய காலிலும் இடறிக்கொண்டிருக்கும். தளத்தில் கறை படியாத, வழுக்காத அடிப்பகுதி கொண்ட காலணி வேண்டும். இத்தகைய காலணியை 1935இல் பால் ஸ்பெர்ரி என்பவர் உருவாக்கினார். பனிக்கட்டியின்மேல் வழுக்காமல் ஓடிய தன் நாயின் பாதத்தில் இருந்த வெடிப்புகளைப் பார்த்து, அதே போன்ற நுண்ணிய வெட்டுகளை ரப்பரில் கீறினார். அந்தக் காலணி இல்லையென்றால் வெறுங்காலை விட வழுக்காத எதுவும் போதும். இவற்றோடு ஒரு சிறு டார்ச்சும், மாலையில் நீர்மேல் இறங்கும் குளிருக்கு ஒரு மேலாடையும் இருந்தால் போதும்.

படகு சற்று விலகியே நிற்கிறதே, ஏறும்போது காலால் இழுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சிறிய படகுகூடப் பல டன் எடை இருக்கும். அது நகரும் வேகம் குறைவாகத் தெரிந்தாலும், பாண்டூனுக்கும் படகுக்கும் இடையில் அகப்படும் காலையோ கையையோ அது நசுக்கிவிடும். விலகியிருக்கும் படகைக் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தால் அதுவாகவே வரும். அந்த எடையை ஒரே ஆள் நகர்த்திவிடலாம், ஆனால் நகரத் தொடங்கியதை ஒரே ஆள் நிறுத்த முடியாது.

ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். பையை முதலில் தளத்தில் வைத்துவிட்டு, பாய்மரத்தைத் தாங்கும் உறுதியான கம்பியைப் பற்றிக்கொண்டு, தாண்டிக் குதிக்காமல் அடியெடுத்து வைத்து ஏறுங்கள். தளத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய வேலிக்கம்பி ஆளின் முழு எடையையும் தொங்கவிடுவதற்காக அமைக்கப்பட்டதன்று.

இத்தனை கயிறு எதற்கு? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போதாதா?

அந்த இரண்டும் படகு பாண்டூனை விட்டு விலகாமல் பிடிக்கின்றன. அது முன்னும் பின்னும் ஓடுவதைத் தடுப்பவை வேறு இரண்டு. முன்புறத்திலிருந்து பின்னோக்கி ஒன்றும், பின்புறத்திலிருந்து முன்னோக்கி ஒன்றுமாகப் படகின் பக்கவாட்டில் நீளவாக்கில் செல்லும் அவற்றை ஸ்பிரிங் கயிறு என்பார்கள். இரவில் படகு வெடுக்வெடுக்கென்று இழுபட்டால் பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது அறவே இருக்காது. நைலான் கயிறு நீண்டு சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்பதால் கட்டுவதற்கு அதையே விரும்புகிறோம். கயிறு உலோக விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு துண்டுக் குழாயையோ தடித்த துணியையோ சுற்றி வைக்க வேண்டும். கயிறு அறுவது பெரும்பாலும் அங்கேதான். படகுக்கும் பாண்டூனுக்கும் நடுவே தொங்கும் காற்றடைத்த உருளைகள் ஃபெண்டர்கள். அவை நீரில் மிதந்துகொண்டிருந்தால் தாழ்ந்துவிட்டன என்று பொருள்.

மிதக்கும் பாண்டூனில் நீர்மட்டம் மாறினாலும் கயிற்றைத் தொட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். கரையிலிருந்து இறங்கிவரும் பாலம் மட்டும் நீர் வற்றியிருக்கும் வேளையில் செங்குத்தாகிவிடும். கல்சுவரில் கட்டியிருந்தால் கதையே வேறு. பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. நீர் ஏறியிருந்தபோது இறுக்கிக் கட்டிய படகு, நீர் வற்றும்போது கயிற்றில் தொங்கத் தொடங்கும். அத்தகைய இடத்தில் கயிற்றை நீளமாக விட்டு, பத்து நிமிடச் சுற்றை ஓதம் மாறும் நேரத்தோடு ஒட்டி அமைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டியிருக்கும் படகிலும் தலை சுற்றுமா?

சிலருக்குச் சற்றுச் சுற்றும். உள்ளறையில் கண்ணுக்குச் சுவர் அசையாமல் தெரிகிறது, காதின் உட்பகுதியோ அசைவை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டல் வருகிறது. தளத்துக்கு வந்து தொலைவில் அசையாத எதையாவது பார்த்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் தணியாது. திங்கட்கிழமை தரையில் நிற்கும்போது தரை ஆடுவது போலத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அது சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ போய்விடும். அதற்குமேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

படகு அசையவே இல்லை, ஆனாலும் தலைவலியும் குமட்டலும் வருகின்றன, அதுவும் ஒரே நேரத்தில் பலருக்கு வருகின்றன என்றால், அதைத் தலைச்சுற்றல் என்று தள்ளிவிடாமல் உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். காரணத்தைக் குளிரைப் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

இரவெல்லாம் ஏதேதோ சத்தம் கேட்கிறது. எப்படித் தூங்குவது?

முதல் இரவில் நானும் மூன்று முறை எழுந்திருக்கிறேன். பாய்மரத்தில் டிங் டிங் என்று அடிப்பது பாயை ஏற்றும் கயிறு. அதை மரத்திலிருந்து விலக்கிப் பக்கத்துக் கம்பியோடு இழுத்துக் கட்டினால் நமக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்துக்கும் தூக்கம் வரும். கீச்சென்று முனகுவது ஃபெண்டர். சற்றே நனைத்துவிட்டால் கொஞ்ச நேரம் அடங்கும். படுக்கைக்குக் கீழே தளக் தளக் என்று அறைவது படகின் பின்புற அடிப்பகுதியில் மோதும் சிற்றலை. அதற்கு மருந்தில்லை, தலையணையைப் படகின் முன்முனைப் பக்கம் மாற்றலாம். வெப்பமான கடல்களில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஓசை படகின் அடிப்பகுதி வழியே கேட்கும். படகு விரிசல் விடுகிறதோ என்று ஒருவர் என்னை எழுப்பிக் கேட்டார். அது சொடுக்கு இறால்களின் வேலை. அவை ஒரு கிடுக்கியை அத்தனை வேகமாக மூடுகின்றன. அப்போது உண்டாகும் நீர்க்குமிழி உடைவதே அந்த வெடிப்பொலி.

எழுந்து பார்க்க வேண்டிய ஓசை ஒன்றுண்டு. படகின் அடிக்குழியில் சேரும் நீரை வெளியேற்றும் பம்ப், மிதவை விசையால் தானாகவே இயங்கும். அது எப்போதாவது சில விநாடி ஓடினால் கவலையில்லை. அடிக்கடி ஓடினால், அல்லது ஓடத் தொடங்கி நிற்காமலேயே இருந்தால், எங்கிருந்தோ நீர் உள்ளே வருகிறது. படகுக்காரரை எழுப்புங்கள்.

ஹீட்டரும் கெட்டிலும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் ஏன் நின்றுவிடுகிறது?

பெர்த்தின் பெட்டியில் கிடைப்பது வீட்டு இணைப்பைப் போன்றதன்று. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் தரும் இணைப்பு என்றால் மொத்தம் 3,680 வாட். ஹீட்டர் 2,000, கெட்டில் 2,000 என்றால் கணக்கு 4,000ஐத் தொட்டுவிடுகிறது. 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் தரும் இடங்களிலும் 3,600 வாட்தான். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கெட்டிலுக்கும் ஹீட்டருக்கும் கை நீட்டும் காலை வேளையில்தான் இது நேரும்.

கம்பியை இணைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. கரைப்பெட்டியின் விசையை நிறுத்தி, முதலில் படகின் முனையைச் செருகி, பிறகு கரை முனையைச் செருகி, கடைசியில் விசையைப் போட வேண்டும். கழற்றும்போது விசையை நிறுத்தி, கரை முனையை முதலில் கழற்ற வேண்டும். மின்சாரம் பாயும் முனை ஒன்று கையிலோ நீரிலோ தொங்கும் நிலை எந்தக் கட்டத்திலும் வராமல் இருப்பதற்கே இந்த வரிசை. பத்து நிமிடச் சுற்றில் செருகியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ கருகிய நிறம் தெரிந்தாலோ விசையை நிறுத்திக் கழற்றிவிட வேண்டும். தளர்ந்த, துருப்பிடித்த இணைப்பு தீயின் தொடக்கம்.

கரை மின்சாரம் இல்லாத பெர்த்தில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம்?

மின்கலத்தைப் பொறுத்தது. 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய அமில மின்கலத்தில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். குளிர்பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கிறது, நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கே ஒரு நாளில் 48 ஆம்பியர்-மணி போய்விடும். விளக்குகள் பொருட்டே அல்ல. ஓய்வில் இருக்கும் மின்கலம் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.1க்கு அருகே வந்துவிட்டால் குளிர்பெட்டியை நிறுத்துங்கள். லித்தியம் மின்கலமோ சூரியத் தகடோ இருந்தால் இந்தக் கட்டு தளரும்.

தண்ணீரைத் தாராளமாகப் புழங்கலாமா?

அருகில்தானே குழாய் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் படகுக்குள் வருவது தொட்டி நீர், அது தீர்ந்த பிறகுதான் தீர்ந்தது தெரியும். குளியலுக்கு மெரினாவின் குளியலறையே மேல். தொட்டியை நிரப்பும் முன் கரைக்குழாயைச் சில விநாடி திறந்துவிட்டு, வெயிலில் கிடந்த பழைய நீரைப் போக்குங்கள். குடிநீருக்கென்று தனிக் குழாய் வைத்திருப்பதே முறை. தளம் கழுவும் குழாயோ கழிவறையை அலசும் குழாயோ அதற்கு ஆகாது.

சில படகுகளில் கரைக்குழாயை நேரடியாகவே உட்குழாய்களோடு இணைக்க வழியுண்டு. வசதிதான். ஆனால் உள்ளே ஓர் இணைப்பு கழன்றால், தொட்டி நீரைப் போல அது தீர்ந்துபோகாது. கரையிலிருந்து வந்துகொண்டே இருக்கும், கட்டியிருக்கும் படகைக் குடிநீரே மூழ்கடித்துவிடும். ஆள் இல்லாத வேளையில் அந்த இணைப்பைத் திறந்து வைக்காதீர்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிவறையை எப்படிப் பயன்படுத்துவது?

கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்காமல் கழிவறைக் குழாயை அடைத்துவைத்தவர்கள்தான் பிறகு வெட்கப்பட்டார்கள். உடலிலிருந்து வந்ததும் எளிதில் கரையும் காகிதம் சிறிதளவும் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. ஈரத் துடைப்பான், பஞ்சு, தலைமுடி எல்லாம் குப்பைக்கூடைக்கு. கைப்பம்ப் உள்ள கழிவறையில் பொதுவாக ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதை ஒரு பக்கம் திருப்பினால் பம்ப் வெளிநீரை உள்ளே இழுத்து அலசும். மறு பக்கம் திருப்பினால் உள்ளிருப்பதை மட்டும் வெளியேற்றும். முடித்த பிறகு அது வெளியேற்றும் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், கடல்நீர் வால்வும் மூடியிருக்க வேண்டும். கழிவறையின் விளிம்பு பல படகுகளில் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், வால்வைத் திறந்து வைத்துவிட்டால் வெளிநீர் மெல்ல உள்ளே ஏறிவரும்.

மெரினாவுக்குள் கழிவை நீரில் விடுவது கூடாது. அது படகின் தேக்கத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து கரையில் இருக்கும் உறிஞ்சும் கருவியால் எடுக்கப்பட வேண்டும். தொட்டி நிறைந்துவிடும் என்ற அச்சம் இருந்தால், பகலில் கரையின் கழிவறைக்கு நடந்துவிடுங்கள். அழுகிய முட்டையைப் போன்ற நாற்றம் வந்தால் உடனே கழிவுத் தொட்டியைக் குறை சொல்ல வேண்டாம். குழாயில் தேங்கிய கடல்நீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து அழுகினாலும் அதே நாற்றம் வரும். நன்னீர் ஊற்றிச் சில முறை அடித்தால் குறையும்.

குப்பைக்கும் இதே கண்டிப்பு உண்டு. மார்போல் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு, எந்தக் கப்பலிலிருந்தும் படகிலிருந்தும் எந்தக் கடலிலும் பிளாஸ்டிக்கை எறியக் கூடாது என்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 1988இன் கடைசி நாளில்.

வீட்டில் எரிவாயு அடுப்பு வைத்திருக்கிறோம். படகில் மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவின் அடியாலும் வாசல் வழியாகவும் வெளியேற வாய்ப்புண்டு. படகோ ஒரு கிண்ணம். கசிந்தது அடிக்குழியில் போய்த் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பம்பின் விசையே அந்தப் பொறியைத் தரக்கூடும். ஆகவே சமைத்து முடித்ததும் உருளையின் வால்வையே மூடிவிடுகிறோம். நாற்றம் தெரிந்தால் எந்த விசையையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். உருளையை மூடி, எல்லாத் திறப்புகளையும் திறந்து, வெளியேறிவிடுங்கள். பெட்ரோல் ஆவியும் இப்படியே கீழிறங்கித் தேங்கும். உள்ளமைந்த பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் எஞ்சினைத் தொடங்கும் முன் குறைந்தது 4 நிமிடம் காற்றோட்ட விசிறியை ஓட்டுவது அதனால்தான்.

இரவில் குளிர்கிறது. எல்லாத் திறப்புகளையும் மூடிவிட்டுத் தூங்கலாமா?

கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சிறியது. இரவு முழுவதும் நாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, விடியும்போது படுக்கைக்குக் கீழே வழிந்திருக்கும். முன்னால் ஒரு திறப்பும் பின்னால் ஒரு திறப்பும் விரலளவு விலகியிருந்தால் காற்று நடந்துபோகும்.

மற்றது உயிர் சம்பந்தப்பட்டது. எரிபொருள் எரியும் எதுவும், அது அடுப்போ, ஹீட்டரோ, ஜெனரேட்டரோ, எஞ்சினோ, கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், சோர்வு, பிறகு எழ முடியாத தூக்கம். நம் படகில் எதுவும் எரியாவிட்டாலும் பக்கத்துப் படகின் புகைபோக்கி நம் திறப்பை நோக்கியிருந்தால் போதும். சமையல் அடுப்பைக் குளிர்காய ஏற்றி வைக்காதீர்கள். கரி அடுப்பை அணைந்துவிட்டது என்று நம்பி உள்ளே கொண்டுவராதீர்கள். படுக்குமிடத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத படகில் நான் தூங்க மாட்டேன், எவ்வளவு நெருங்கிய நண்பருடையதானாலும்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. படகிலிருந்து குதித்து நீந்தலாமா?

வேண்டாம். படகுகள் வந்துபோகும் இடம், நீருக்கடியில் சுழலும் படகின் உந்துவிசிறி கண்ணுக்குத் தெரியாது என்பதெல்லாம் எளிதில் புரியும் காரணங்கள். புரியாத காரணம் மின்சாரம். நாற்பது படகுகள் கரை மின்சாரத்தில் நிற்கும் இடத்தில், ஏதோ ஒன்றில் பழுதான கம்பி வழியே மின்சாரம் நீரில் கசியலாம். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், ஏரியிலும் ஆற்றிலும் அது நீந்துபவரின் உடலையே பாதையாக்கிக்கொள்கிறது. 10 மில்லியாம்பியர் அளவிலேயே தசைகள் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். நீச்சல் வீரரும் அசைய முடியாமல் மூழ்குவார். கடல்நீர் உடலைவிட நன்றாகக் கடத்துவதால் அங்கே இந்த ஆபத்து குறைவு. கழிமுகத்தில் மழைக்குப் பிறகு மேல்நீர் நன்னீராகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாராவது நீரில் இருந்துகொண்டு உடல் கூசுகிறது, சுரீரென்கிறது என்று கத்தினால், அவரை மீட்கக் குதிக்கக் கூடாது, குதிப்பவரும் மாட்டிக்கொள்வார். கரைப்பெட்டிகளின் விசைகளை நிறுத்தச் சொல்லி, மிதவை வளையத்தை எறியுங்கள். அவர் பாண்டூனையும் படகுகளையும் விட்டு விலகி, வந்த திசையிலேயே நீந்த முடிந்தால் நீந்தட்டும்.

பக்கத்துப் படகுக்காரர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

அடுத்த வீட்டைவிட நெருக்கம், ஆனால் சுவர் இல்லை. நீர்ப்பரப்பின்மேல் பேச்சு நெடுந்தொலைவு கேட்கும். அவர்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொன்னதும் அவர்கள் காதில் விழுந்திருக்கும். கேட்காமல் பிறர் படகில் கால் வைக்கக் கூடாது. உள்ளறை சாளரங்கள் வழியே பார்க்காமல் கடந்துபோவதும் இங்கே மரியாதை.

உள்ளே வரும் படகுக்குக் கயிறு பிடித்து உதவலாம், உதவ வேண்டும். ஆனால் கயிறு கையில் கிடைத்ததும் ஆர்வத்தில் இழுத்துவிடாதீர்கள். முன்கயிற்றை இழுத்தால் படகின் முன்முனை பாண்டூனில் மோதும், பின்புறம் வெளியே வீசும். பாண்டூனில் இருக்கும் கொம்புக்கட்டையில் ஒரு சுற்று மட்டும் போட்டு நின்று, ஓட்டுபவர் சொல்வதைக் கேளுங்கள்.

குழந்தைகளையும் நாயையும் கூட்டிவரலாமா?

குழந்தைகளை அழைத்து வரலாம், பாண்டூனில் கால் வைத்தது முதல் உயிர்காப்பு அங்கியோடு. கழற்றுவது உள்ளறையில் மட்டும். ஓடக் கூடாது. நாயைப் பற்றி மெரினாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகில் கைப்பிடி உள்ள அங்கி அதற்கும் கிடைக்கிறது, விழுந்த நாயைத் தூக்க அந்தக் கைப்பிடி இல்லாமல் முடியாது.

இரவில் காற்று பலக்கும் என்கிறார்கள். படகிலேயே இருக்கலாமா?

பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1805இல் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் கடல் வானிலை அறிக்கைகள் கையாளுகின்றன. அதன்படி ஆறாம் நிலை என்றால் 22 முதல் 27 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் வேகம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், மாலையில் சும்மா கிடந்த கயிறு நள்ளிரவில் நாண்போல விறைத்துவிடும். ஆறாம் நிலைவரை, காப்பான மெரினாவில், இருட்டும் முன் காற்று வரும் பக்கத்துக் கயிறுகளை இரட்டித்து, ஃபெண்டர்களைக் கூட்டி, தளத்தில் விரித்த துணிக்கூரைகளைக் கழற்றிவிட்டால் படகிலேயே இருக்கலாம். தூக்கம் மட்டும் குறையும்.

34 நாட்டில் தொடங்கும் எட்டாம் நிலையும் அதற்கு மேலும் முன்னறிவிக்கப்பட்டிருந்தால், விருந்தினர்களை வெளிச்சம் இருக்கும்போதே கரைக்கு அனுப்பிவிடுவேன். படகுக்குள் இருப்பதைவிட, இருட்டில் துள்ளும் பாண்டூன்மேல் நடந்து கரையேறுவதுதான் அப்போது ஆபத்து.

நண்பர் சாவியைக் கொடுத்திருக்கிறார். அவர் இல்லாமல் நாங்களே தங்கிக்கொள்ளலாமா?

மூன்று பேர் சம்மதிக்க வேண்டும்: நண்பர், மெரினா, காப்பீட்டு நிறுவனம். நண்பரின் சம்மதம் கிடைத்துவிட்டது. மற்ற இரண்டையும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பெர்த் ஒப்பந்தங்களில் சில இரவுத் தங்கலுக்கு வரம்பு வைக்கின்றன. வார இறுதித் தங்கலையும் படகையே வீடாக்கிக்கொள்வதையும் வேறு வேறாகப் பார்க்கின்றன. காப்பீட்டைப் பொறுத்தவரை, இலவசமாகத் தங்குவதும் பணம் கொடுத்துத் தங்குவதும் ஒன்றல்ல. பணம் கைமாறினால் பாதுகாப்பே இல்லாமல் போகலாம். அனுமதி இருந்தாலும், அடிக்குழிப் பம்ப்பும் கடல்நீர் வால்வுகளும் எங்கே உள்ளன என்று நேரில் காட்டாமல் சாவியை மட்டும் தந்தால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

கிளம்பும்போது எதையெதை மூடுவது, எதை மூடக் கூடாது?

எரிவாயு உருளை, கழிவறை வால்வுகள், கரைக்குடிநீர், எல்லாத் திறப்புகளும் மூடப்பட வேண்டும். குளிர்பெட்டியை நிறுத்தினால் அதன் கதவைத் திறந்தே வையுங்கள். மூடினால் பூசணம் பிடிக்கும். கரை மின்சாரத்தைப் படகுக்காரர் சொன்னபடி விடுங்கள். மின்கலத்தின் முதன்மை விசையை நிறுத்துவதற்கு முன் அடிக்குழிப் பம்ப் அதைச் சாராமல் தனி இணைப்பில் இயங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் விருந்தினர்கள் நிறுத்தக் கூடாத அந்த ஒன்றையும் நிறுத்திவிடுவதுண்டு.

பிறகு பாண்டூனில் நின்று, வந்த நாளில் செய்த அதே பத்து நிமிடச் சுற்றைக் கடைசியாக ஒரு முறை செய்யுங்கள். கயிறு உரசுமிடம், ஃபெண்டரின் உயரம், செருகியின் சூடு. படகின் பக்கவாட்டில் இருக்கும் நீர்மட்டக் கோடு வெள்ளிக்கிழமை எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தால் சாவியைப் பூட்டில் திருப்பலாம்.